சம்பந்தியம்மாவின் செடி கறுத்தபோது

எனக்குத் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கராஜ். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது, "பதறாதேங்கோ" என்பதுதான். எஞ்சின் நின்றால் ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் பிடிபடும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்கக்கூடாது, பிறகு எது எஞ்சினின் பிழை, எது நாங்கள் செய்த பிழை என்று தெரியாது. இந்தப் புத்திமதியை ஊர் முழுக்க இலவசமாகக் கொடுத்திருக்கிறேன். கராஜ் சுவரில் சிவப்பு எழுத்தில் வேறு இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரி, கடன் சொல்ல வேண்டாம். அதை ஒருவரும் வாசிப்பதில்லை. இரண்டாவது வரியைப் பிறகு சொல்கிறேன். அதை நானே வாசிப்பதில்லை என்று இந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் ஒரு செடியால் வந்தது. செடி வந்தது மகளின் கலியாணத்தால்.

மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். வேலை இடத்திலேயே மாப்பிள்ளையையும் பார்த்து எங்களுக்குச் சிரமம் இல்லாமல் செய்துவிட்டாள். பெடியனுக்குச் சொந்த ஊர் மாத்தளை. நிச்சயதார்த்தத்துக்குப் போய்த் திரும்பும்போது பெடியனின் தாய், அதாவது என் சம்பந்தியம்மா, நாங்கள் வந்த வான் வண்டியின் கதவடியில் வந்து ஒரு பூச்சாடியை என் மனைவியின் மடியில் வைத்தார். அவர் வீட்டுக் கொடியில் தானே வெட்டி வேர் பிடிக்க வைத்த குடுவைச்செடி. நீள நீளமான இலை. இலை நுனியிலிருந்து நூல் போல ஒன்று கீழே இறங்கும். நூலின் முனையில் மூடி போட்ட சின்னச் செம்பு மாதிரி ஒரு குடுவை, அதற்குள் கொஞ்சம் தண்ணீர். ஈயோ இலையானோ எறும்போ வழுக்கி உள்ளே விழுந்தால் அதுதான் செடிக்குச் சாப்பாடு.

"எம் பொண்ணு மாதிரி வளத்தது," என்றார் சம்பந்தியம்மா. "ஒங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வருது. எம் பொண்ணு ஒங்க வீட்டுக்குப் போகுது. கணக்குச் சரியாப் போச்சுங்க."

வான் ஹபரணை தாண்டும்வரை நான் வாயை அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் ஏலாமல் போயிற்று.

"மாத்துக் கலியாணம் எண்டு முதலே சொல்லியிருக்கலாம்," என்றேன். "இலையான் தின்னுற மருமகளுக்கு நான் எங்க போய் மாப்பிள்ளை தேடுறது?"

மனைவி சிரிக்கவில்லை. பூச்சாடியை இன்னும் கொஞ்சம் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இது செடி இல்லை, வாக்கு என்று.

முன்விறாந்தையில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம். மாரி முழுக்க ராசாத்தி மாதிரி வளர்ந்தது. மழைச்சாரல் பட்டது, புதுக் குடுவை போட்டது, கூரைக் கம்பியைப் பிடித்து ஏறியது. பிறகு கச்சான் காற்று தொடங்கியது. கச்சான் எங்கள் ஊருக்கு நிலத்துப் பக்கத்தால் வரும். காய வைத்த சட்டை அரை மணித்தியாலத்தில் கருவாடாகிவிடும். அந்தக் காற்று தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு காலை மனைவி விறாந்தையிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ. ஒருக்கா வந்து பாருங்கோ."

கொடியின் நுனி கறுத்துப்போயிருந்தது. விரல் அளவுக்குக் கறுப்பு. அதற்குக் கீழே மண்ணிறம். அதற்கும் கீழே பச்சை.

"கலியாணத்துக்கு முன்னம் இது பட்டுப்போனா..." என்று தொடங்கிய மனைவி மிச்சத்தைச் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விடுகிற வசனங்கள்தான் எங்கள் வீட்டில் அதிகம் வேலை செய்பவை. அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் கலியாண மண்டபம் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"நுனிதானே. மான் கடிச்சிருக்கும்," என்றேன்.

எங்கள் ஊரில் மான்கள் கோட்டைப் பக்கத்திலிருந்து றோட்டுக்கு வந்து மாடு மாதிரித் திரியும், கையில் பை இருந்தால் பின்னாலேயே வரும். வேலிக்கு மேலால் எட்டி மனைவியின் செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்ற வழக்கும் இருக்கிறது.

"மான் ஏணி வச்சோ ஏறினது?" என்றாள் மனைவி, கூரைக் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

அந்த நிமிடம் நான் கராஜில் சொல்வதை எனக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. பதறினேன். எஞ்சின் என்றால் அது இன்னொருவனுடையது. செடி என்றால் என் மகளின் மாமியாருடையது.

முதலில் காற்றுத்தான் குற்றவாளி என்று தீர்த்தேன். கோணிச்சாக்கை நனைத்து விறாந்தை ஓரத்தில் கட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும் வீட்டில் ஆருக்கும் அம்மாள் வருத்தமோ, அம்மை போட்டிருக்கோ என்று கேட்டார்கள். சாக்குக் கட்டினது சரியான யோசனைதான். ஈரப்பதம் குறைந்தால் இந்தச் செடி கஷ்டப்படும். ஆனால் அதோடு நிறுத்தாமல் பூஞ்சணம் என்று சந்தேகப்பட்டு மருந்தும் வாங்கித் தெளித்தேன். மருந்து போதாது என்று இடத்தையும் மாற்றினேன். இடம் மாறினதும் வாடுது என்று, ஒரு நேரம் ஊற்றின கிணற்றுத் தண்ணீரைக் காலையும் மாலையும் ஆக்கினேன். கறுப்பு ஒரு கணு கீழே இறங்கியது. இலை ஓரங்கள் தீய்ந்த அப்பம் மாதிரி ஆயின. புதுக் குடுவைகள் மிளகாய் அளவில் நின்று, அப்படியே காய்ந்தன.

மூதூரிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் அண்ணர், நானா என்றுதான் கூப்பிடுவேன், எனக்கு நெடுநாள் வாடிக்கை. எஞ்சினோடு வந்தால் பாதி நேரம் எஞ்சினைப் பற்றியும் பாதி நேரம் என்னைப் பற்றியும் கதைப்பார். கராஜில் நான் இல்லை என்று வீட்டுக்கே வந்துவிட்டார். நான் விறாந்தையில் பேப்பர் விரித்து, பூச்சாடியைக் கவிழ்த்து, செடியைத் தேங்காய்த் தும்போடு வெளியே எடுத்து வைத்திருந்தேன். எஞ்சின் கழற்றுகிற அதே இருப்பு.

"என்ன தம்பி, ஓவர்ஹோலா?" என்று கேட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தும்பை உதறினேன். உள்ளே வேரெல்லாம் கறுப்பு. மயிர் மாதிரி மெல்லிய, கரிக் கறுப்பு. என் நெஞ்சு ஒருமுறை மிஸ்ஸாகி ஓடியது.

"நானா, முடிஞ்சுது. வேர் முழுக்க அழுகிப் போச்சு."

நானா குனிந்து பார்த்தார். "கார்பன் பிடிச்சிரிக்கி," என்றார். "சிலிண்டர் போர் பண்ணினாச் சரி வரும்."

"பகிடி விடாதேங்கோ நானா. இது சம்பந்தியம்மாவின்ர பிள்ளை."

"அப்ப டொக்டருக்கிட்ட கொண்டு போ. என்னட்டயா காட்டுற?" என்று சொல்லி, பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு குடுவையின் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தார். "இது இலையான் தின்னுற சாமானா? சுகமானா எனக்கு ஒண்டு தா. எங்கட மீன் சந்தைக்குக் கொண்டு போய் வெச்சா, பாவம், வயிறு வெடிச்சுச் செத்துரும்."

நான் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரில் வேரை நன்றாகக் கழுவினேன். கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டேன். கறுத்த வேரையெல்லாம் வெட்டிவிடுவது என்று முடிவு. நல்ல காலம், அந்த நேரம் மகள் போன் எடுத்தாள். நான் குரலை இறக்கி நிலைமையைச் சொன்னேன்.

"அப்பா, கத்தரிக்கோலை வைங்கோ," என்றாள். "குடுவைச்செடிக்கு வேர் கறுப்பாத்தான் இருக்கும். அதுதான் அதின்ர நிறம். மூக்கை வைச்சு மணந்து பாருங்கோ, நாறுதோ?"

மணந்தேன். நானாவும் கேட்காமலே மணந்தார். நாறவில்லை.

"அமத்திப் பாருங்கோ. கூழாகுதோ?"

"இல்லை. கம்பி மாதிரி இருக்கு."

"அப்ப வேர் நல்லாத்தான் இருக்கு. திரும்ப வைங்கோ. ஏன், மாமியிட்டயே கேக்கலாமே?"

நியாயமான கேள்வி. ஒரு போன் எடுத்தால் முடிகிற காரியம். ஆனால் பெண்பிள்ளையை வாங்கி நோயாக்கிப்போட்டு, பெற்ற தாயிடமே மருந்து கேட்க எந்தத் தகப்பனுக்கு முகம் வரும்?

"அவவுக்குச் சொல்லிப் போடாதை," என்றேன்.

"சொல்லமாட்டன்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வைத்தாள். அந்தச் சிரிப்பு நானாவுக்கும் கேட்டது. வெட்டாமல் விட்ட வேரோடு செடியைத் திரும்பவும் பூச்சாடியில் இருத்தி, தும்பு நிரப்பி, குளிரக் குளிரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். செடிக்கு என்ன செய்தேன் என்று தெரியாமல் மனதுக்கு ஒரு நிம்மதி.

ஆள்மாறாட்டத்துக்கும் முயன்றேன் என்பதை மறைக்க மாட்டேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் இதே சாதிச் செடி நிற்பதாக ஒருவர் சொன்னார். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். சாதி அதுதான். ஆனால் அதன் குடுவை வெறும் பச்சை. எங்களுடையதற்குச் சிவப்புப் புள்ளி. பெண் மாறிப்போனது தாய்க்குத் தெரியாமல் இருக்குமா? நம்பர் பிளேட் மாற்றின மோட்டார் சைக்கிளைப் பொலிசுக்கு முன்னால் ஓட்டுகிற மாதிரி. திரும்பி வந்துவிட்டேன்.

இதற்கிடையில் சம்பந்தியம்மா மனைவிக்கு வீடியோ கோல் எடுத்தார். மண்டபம், சமையல்காரர், மேளம் என்று எல்லாம் கதைத்து முடித்து, "எங்க எம் பொண்ண காட்டுங்க பாப்போம்," என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பூச்சாடியை எடுத்து, அறைக்குள் மேசையில் வைத்து, கறுப்புத் தெரியாதபடி நல்ல பக்கத்தை முன்னால் திருப்பி, ஒரே ஒரு உயிருள்ள குடுவையைக் கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். கலியாணத் தரகர்கூட இவ்வளவு வெட்கமில்லாமல் ஒரு பெண்ணைக் காட்டியிருக்க மாட்டார்.

"நல்லா இருக்காளே," என்றார் சம்பந்தியம்மா. கொஞ்சம் பொறுத்து, "சரிங்க, வெள்ளிக்கிழம பாக்குறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சம்பந்தியம்மாவும் கணவரும் வந்தார்கள். சம்பந்தி நல்ல மனிதர், கதை குறைவு. நிச்சயதார்த்தம் முழுக்க அவர் குரலை நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. செடியை நான் விறாந்தைக் கோடியில், தூணுக்குப் பின்னால், ஈரச் சாக்குக்கு மறைவில் தொங்கவிட்டிருந்தேன். முதலில் தேத்தண்ணி கொடுப்பது, பிறகு மண்டபத்துக்குக் கூட்டிப்போவது, பிறகு சாப்பாடு, பிறகு நேரமாகிவிட்டது என்று வானில் ஏற்றுவது. இதுதான் திட்டம்.

எங்கள் வீட்டுத் தேத்தண்ணி பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் குழாய் இருக்கிறது. குடிக்க அந்தத் தண்ணிதான். ஆனால் தேத்தண்ணிக்கு மட்டும் கிணற்றுத் தண்ணி. என் தாய் காலத்திலிருந்தே அப்படி. "எங்கட கிணத்துத் தண்ணியிலதான் தேத்தண்ணி நிறம் பிடிக்கும்" என்று எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். குழாய்த் தண்ணியில் போட்டால் சப்பென்று இருக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. மனைவி அன்றைக்கு விசேஷமாக, பால்மா கூடப் போட்டு, நல்ல கோப்பைகளில் கொண்டுவந்து வைத்தாள்.

சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்தார். விழுங்குவதற்கு முன் கொஞ்சம் யோசித்தார். பிறகு விழுங்கினார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி, மளமளவென்று முழுக் கோப்பையையும் குடித்து முடித்தார்.

"தப்பா நெனக்காதீங்க," என்றார் சம்பந்தியம்மா. "இந்தப் பக்கம் டீயில உப்புப் போடுவீங்களா?"

மனைவியின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, இல்லையே! சீனிதானே போட்டனான்." உடனே தன் கோப்பையில் குடித்துப் பார்த்தாள். நானும் குடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. நேற்றுப் போல, முந்தநாள் போல, நல்ல தேத்தண்ணி.

"உப்பு இல்லையே," என்றேன்.

"இருக்குங்க," என்றார் அவர், பக்குவமாக.

கோப்பை கையில் இருக்கவே எனக்குக் கராஜ் சுவர் ஞாபகம் வந்தது. சிவப்பு எழுத்தில் இரண்டாவது வரி: எஞ்சின் கழுவக் குழாய்த் தண்ணி மட்டும். நான்தான் எழுதினேன். கச்சான் காலத்தில் கடற்கரைப் பக்கத்துக் கிணறெல்லாம் வற்றி, உவர் ஏறிவிடும். அந்தத் தண்ணியில் கழுவினால் எஞ்சினுக்குள் உப்புத் தங்கி அரித்துவிடும். கழுவ வருகிறவர்களுக்கு இதைத் தொண்டை காயச் சொல்லியிருக்கிறேன். எஞ்சினுக்குக் குழாய்த் தண்ணி. சம்பந்தியம்மாவின் பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணி, அதுவும் பதறின பதறலில் நாளுக்கு இரண்டு தரம். உப்பு ஒரே நாளில் கூடினால் நாக்குக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறினதால் எங்கள் நாக்கு பழகிவிட்டது. செடிக்கு நாக்கு இல்லை, வேர்தான் இருக்கிறது. அது பழகவில்லை.

நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். மனைவி பயந்துபோனாள்.

"இஞ்சருங்கோ, என்ன?"

"செடிக்கு என்ன வருத்தம் எண்டு கண்டுபிடிச்சிட்டன்," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான், செடிக்கு வருத்தம் என்பதே விருந்தாளிக்குத் தெரியாத ரகசியம் என்று ஞாபகம் வந்தது.

சம்பந்தியம்மாவும் சிரித்தார். "எனக்குத் தெரியும் சம்பந்தி. அன்னிக்குப் போன்ல காட்டுனீங்கள்ல. ஒங்களுக்குப் பின்னால அலுமாரிக் கண்ணாடி. முன்பக்கத்த நீங்க காட்டுனீங்க. பின்பக்கத்தக் கண்ணாடி காட்டுச்சு."

நானாவுக்கு இந்தப் பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மூதூர் வரைக்கும் போகும்.

சாக்கை விலக்கிச் செடியை இறக்கி வைத்தேன். சம்பந்தியம்மா குசினிக்குப் போய்க் கூரான கத்தி கேட்டு வாங்கி, அடுப்பு நெருப்பில் காட்டி ஆறவிட்டார். கறுப்பு முடிகிற இடத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டினார். வெட்டு வாயின் நடுவில் மண்ணிற வட்டம். தலையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் கீழே வெட்டினார். இன்னும் மண்ணிறப் புள்ளி. மூன்றாவது வெட்டில் வெள்ளையும் பச்சையுமாக, வாழைத்தண்டு மாதிரி ஈரமாகத் தெரிந்தது.

"இங்கேருந்து உசுரு இருக்கு," என்றார். பிறகு அடியில் தும்பை விரலால் விலக்கிக் காட்டினார். தண்டின் அடியில் பயறு அளவில் ஒரு முளை. நான் வேரைக் கழுவினபோதும் அது இருந்திருக்கும். நான் நோயைத் தேடினேனே தவிர முளையைத் தேடவில்லை.

"தும்பு பூரா மாத்துங்க, அதுல உப்பு ஊறிப்போச்சு. நல்ல தண்ணிய ஊத்தி, அடியால ஓட விட்டுக் கழுவுங்க. மழத்தண்ணி கெடச்சா ரொம்ப நல்லது. கொஞ்ச நாளைக்கு மருந்து, கிருந்து ஒண்ணும் வேணாம்."

மனைவி அதுவரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கேட்டேவிட்டாள். "கலியாணத்துக்கு முன்னம் இப்பிடி நடந்தது... ஒண்டும் இல்லையோ?"

சம்பந்தியம்மா கத்தியைத் துடைத்தார். "எங்க வீட்டுக் கொடி எங்க கல்யாணத்துக்கு அப்புறம் வாங்குனது. ரெண்டு தடவ அடி வரைக்கும் செத்து மொளச்சிருக்கு." கணவர் பக்கம் தலையால் காட்டினார். "இவரு நல்லாத்தான் இருக்காரு."

எல்லாரும் சம்பந்தியைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வசனம் இதுதான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

குழாய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தோம். செம்பு காலியானது. இன்னொரு செம்பும் காலியானது.

மண்டபம் பார்த்து, சாப்பிட்டு, வானில் ஏறும்போது சம்பந்தியம்மா தன் பையைத் திறந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தார். உள்ளே ஈரப் பேப்பரில் சுற்றின இன்னொரு சின்னச் செடிக்கன்று. கண்ணாடியில் பார்த்த அன்றே, செடி செத்திருந்தால் நாங்கள் கவலைப்படாமல் இருக்கட்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் டப்பாவைத் திரும்ப மூடிப் பைக்குள் வைத்தார்.

"இது இப்ப வேணாம். மொதல்ல மூத்தவளப் பொழைக்க வைங்க."

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கராஜில் எஞ்சினுக்குக் கொடுக்கிற மாதிரியே செடிக்கும் குழாய்த் தண்ணியை வாளியில் பிடித்து ஊற்றினேன். தும்பை மாற்றினேன். சாக்கை மட்டும் விட்டேன், காற்று நிற்கும்வரை. வேறு எதிலும் கை வைக்கவில்லை. கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. காலையில் எழும்பினால் முதலில் விறாந்தைக்குத்தான் போவேன். வெட்டின தண்டு அப்படியே நின்றது. கறுக்கவில்லை. அது போதும் என்று இருக்கப் பழகினேன்.

தேத்தண்ணியும் குழாய்த் தண்ணிக்கு மாறியது. அது மனைவியின் உத்தரவு. குடிக்கிறேன். சப்பென்றுதான் இருக்கிறது. நானா வந்தால் தன் கோப்பையைக் குடித்துப்போட்டு அவரும் குறை சொல்வார். "தம்பி, செடிக்கு வைத்தியம் பாத்துத் தேத்தண்ணியக் கொன்னுபோட்டா."

மாரி தொடங்கி, கூரைத் தண்ணி வாளியில் விழத் தொடங்கிய பிறகு அடி முளை இலை போட்டது. இலை நீண்டு, நூல் இறக்கி, நூலின் முனை வீங்கி, மூடி ஒட்டினபடியே ஒரு குடுவை. சிவப்புப் புள்ளியும் இருந்தது. மூடி திறந்த அன்று மனைவி தானாகவே சம்பந்தியம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். நான் செடியைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன்.

"சுத்திக் காட்டுங்க சம்பந்தி," என்றார் அவர். "முழுசா."

முழுசாகச் சுற்றிக் காட்டினேன். அலுமாரிக் கண்ணாடிக்கும் காட்டினேன். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். வெட்டின இடத்தைப் பார்த்தார், அடி முளையைப் பார்த்தார், குடுவைக்குள் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று கேட்டார். எறும்பு ஒன்று விழுந்திருந்தது. மனைவி பெருமையோடு சொன்னாள்.

"சரிங்க," என்றார் சம்பந்தியம்மா. "தை மாசம் கல்யாணத்துக்கு வரும்போது சின்னவளையும் கொண்டாந்து தர்றேன். அன்னிக்கு டீ மட்டும் எந்தத் தண்ணியில போடுறீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க. இவரு கேக்கச் சொன்னாரு."